மருமகனை வீடு மாற்றிய டொரின் அக்கா

திங்கட்கிழமை காலை தொலைபேசி அடித்தபோது நான் சித்தாண்டியில் எங்கள் வீட்டு முற்றத்தில் தலை சீவிக்கொண்டிருந்தேன். பேசியவர் சிவலிங்கம் அண்ணன். எங்கள் அலுவலகத்தில் இரண்டாம் மேசை அவருடையது, மூன்றாம் மேசை என்னுடையது.

"புள்ள, டொரின் போயிட்டா" என்றார்.

"எந்தச் சேர்வருக்கு அண்ணன்?" என்று கேட்டேன்.

இதைப் படிப்பவர்கள் என்னைத் திட்டுவதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் அலுவலகத்தில் எல்லாவற்றையும் அப்படித்தான் பேசுவோம். இயந்திரம் நின்றால் "போயிட்டார்", திரும்ப ஓடினால் "வந்திட்டார்". டொரின் அக்காவும் ஒரு இயந்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு நாள் முழுதும் போய் வந்துகொண்டிருந்தவர். என்னுடைய மிக மோசமான பகிடிக்கும் மேசையில் தட்டிச் சிரிக்கிற சிவலிங்கம் அண்ணன் அன்றைக்குச் சிரிக்கவில்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது. சீப்பு தலையிலேயே நின்றுவிட்டது.

முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை, டொரின் அக்காவின் தம்பி பேசிலின் மகளுக்குக் கல்யாணம். போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர் வீட்டுக் கல்யாணம் என்றால் ஆட்டம் இல்லாமல் முடியாது. டொரின் அக்கா வயலின்காரர் களைக்கும் வரை ஆடியிருக்கிறார். வீட்டுக்கு வந்து கதிரையில் அமர்ந்து, "கால் நோகுது, ஆனா நல்ல நோவு" என்று சொல்லித் தண்ணீர் கேட்டிருக்கிறார். தண்ணீர் வருவதற்குள் இதயம் நின்றுவிட்டது. வயது நாற்பதுகளில்தான். கல்யாணத்துக்கு வந்த வெளியூர் உறவினர் ஒருவரும் திரும்பிப் போயிருக்கவில்லை. எல்லாரையும் ஒரே பயணத்தில் கல்யாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் கூப்பிட்ட சிக்கனக்காரி அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். டொரின் அக்கா மட்டக்களப்பு நகரத்தில் பிறந்தவர். கணினிகளைப் பற்றிக் கொழும்பில் முறையாகப் படித்துவிட்டு ஊர் திரும்பியவர். சுனாமிக்குப் பிறகு, பிரிந்துபோன உறவினரைத் தேடித் தருவதற்கென்று வாவிக்கரைப் பக்கமாக ஒரு வாடகை வீட்டில் பதிவு அலுவலகம் திறந்தார்கள். அதன் இயந்திரங்கள் முழுவதும் அவர் பொறுப்பு. சுனாமிச் சனத்துக்கென்று திறந்த கதவு பிறகு போரால் சிதறிய சனத்துக்கும் திறந்தே இருந்தது. நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குப் பதினேழு வயது. தட்டச்சு வேகமாக வரும் என்பதற்காக எடுத்தார்கள். வாய் அதைவிட வேகம் என்பது அவர்களுக்குப் பிறகுதான் தெரியவந்தது.

முதல் நாளே மாட்டிக்கொண்டேன். மின்சாரம் ஒருமுறை துடித்துத் திரை உறைந்தது. முன்னால் இருந்த ஐயாவிடம், "கொஞ்சம் பொறுங்க ஐயா, இல்லாட்டி மறுகா வாங்க" என்றேன். எங்கள் ஊரில் பிறகு என்பதற்கு மறுகா என்போம். பால் குடிக்கும் வயதிலிருந்தே சொல்லி வருகிற சொல். ஆனால் அலுவலகம் முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. உள்ளறையிலிருந்து ஒரு பெண்மணி வெளியே வந்தார். பூப்போட்ட சட்டை, காதில் ஒரு பேனை, கழுத்தில் இன்னொரு பேனை, கையால் தேடிக்கொண்டிருந்தது மூன்றாவது பேனையை.

"ஆருகா 'மறுகா வாங்க' எண்டு செல்லின?"

"நான்தான் அக்கா."

"ஏறு கதிரையில. பாட்டு ஒண்டு படி."

அதுதான் அங்கே தண்டனையாம். கதிரையில் ஏறி நின்று, பள்ளிக்கூடத்தில் படித்த பாட்டு ஒன்றைப் பாடினேன். எனக்குக் குரல் இல்லை. இரண்டாம் வரியில் டொரின் அக்கா கையை உயர்த்தி, "போதும், சனம் ஓடிரும், இறங்கு" என்றார். அந்த ஐயா சிரித்துக்கொண்டே எழுந்து வந்து என்னைக் கைபிடித்து இறக்கிவிட்டார். அதற்குள் திரையும் வந்துவிட்டது.

அந்தச் சொல்லுக்கு மட்டும் ஏன் அவ்வளவு கோபம் என்று தேத்தண்ணி நேரத்தில் கேட்டேன். அவர் சொன்ன கதையை அவர் வாயாலேயே கேட்டவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர். ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு துண்டு சேர்த்துச் சொல்வார். நான் கேட்ட பதிப்பு இது.

சுனாமி அடித்த மறுநாள், தம்பியைத் தேடிக்கொண்டு ஒரு பள்ளிக்கூட முகாமுக்குப் போயிருக்கிறார். அங்கே ஒரு மேசையில் கணினி வைத்துப் பெயர் பதிந்துகொண்டிருந்தார்கள். இவருடைய முறை வந்தபோது, "கம்ப்யூட்டரை நிப்பாட்டித் திரும்பப் போடுறம், மறுகா வாங்க" என்றார்களாம். இவர் பெயர் பதியாமலே வேறு முகாமுக்கு நடந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் அதே மேசைக்குப் பேசில் வந்து அக்காவின் பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறார். அப்படி ஒரு பெயர் இல்லை என்று பதில். அக்காவும் தம்பியும் ஒரே பள்ளிக்கூட வளவைத் தாண்டி ஆளுக்கொரு திசையில் போய்விட்டார்கள்.

"மறுகா?" என்று கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டேன்.

"கேக்கிறதுக்கு அந்தச் சொல்லு பரவாயில்ல, அனுப்புறதுக்குத்தான் கூடாது" என்று சொல்லித் தொடர்ந்தார். ஒரு கிழமைக்கு மேல் இருவரும் தேடினார்கள். கடைசியில் சுனாமியில் இறந்தவர்களுக்காகக் கோவிலில் பொதுவாக ஒரு பூசை வைத்தார்கள். தம்பியின் ஆன்மாவுக்காகச் செபிக்க இவர் போனார். அக்காவின் ஆன்மாவுக்காக அவர் ஏற்கெனவே முன்வரிசை வாங்கில் உட்கார்ந்திருந்தார். பாதர் பெயர்களை வாசித்துக்கொண்டு வந்து "டொரின்" என்றபோது, வாசலில் நின்ற இவர் உரத்த குரலில், "பாதர், பிந்தினதுக்கு மன்னிக்கோணும்" என்றாராம். அழுதுகொண்டிருந்த கோவில் முழுவதும் அந்த நாட்களில் முதல் தடவையாகச் சிரித்தது. பேசில் மட்டும் மயங்கி விழுந்தார்.

"அதுக்குப் பிறகு நான் ஒரு முடிவு எடுத்தன் புள்ள. என்ட மிசின் நிக்கிறதெண்டா நிக்கட்டும். ஆனா முன்னால நிக்கிற சனத்துக்கு அது தெரியக்கூடாது."

அந்த முடிவில் அவர் எவ்வளவு உறுதியாக இருந்தார் என்பதை விளக்க, இயந்திரங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பயப்பட வேண்டாம், எனக்கே விளங்கிய விஷயம்தான். எங்கள் மேசைகளில் இருந்த கணினிகளில் பதிவு ஒன்றும் கிடையாது. எல்லாப் பதிவுகளும் உள்ளறையில் இருந்த பெரிய இயந்திரத்தில் இருக்கும். அதுதான் சேர்வர். பிரிந்த உறவுகள் எப்போது சேர்வர் என்று கேட்டு வருகிற இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் இல்லை என்று நான் அடிக்கடி சொல்வேன். டொரின் அக்கா அடிக்கடி காதைப் பொத்துவார்.

மேசைக் கணினி சேர்வரைத் தேடும்போது அதன் சொந்த முகவரியைச் சொல்லித் தேடாது. ஒரு மாற்றுப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடும். அந்தப் பெயருக்குரியவர் இப்போது எங்கே இருக்கிறார் என்பதை ஓரிடத்தில் எழுதி வைத்திருப்பார்கள். எழுதியதை மாற்றினால், அதே பெயரால் கூப்பிடுகிற கணினி இன்னொரு இயந்திரத்திடம் போகும். டொரின் அக்கா வைத்த மாற்றுப் பெயர் 'மருமகன்'.

"அக்கா, என்னகா பேர் இது?"

"நம்மட ஊர் வழக்கம்தானே. கல்யாணம் முடிச்சா மாப்பிள பொம்பிளட வீட்ட போயிருவான். ஆனா அவனத் தேடி வாறவன் என்னத்தச் செல்லிக் கேப்பான்? பேரைத்தானே? வீடு மாறினாலும் பேர் மாறாது. அதுதான் மருமகன்."

பழைய சேர்வருக்குத் தாய் வீடு என்று பெயர். சுனாமி காலத்தில் வாங்கியது, உப்புக்காற்றில் இருமத் தொடங்கியிருந்தது. வன்னியில் போர் முடிந்த ஆண்டில் புதிய சேர்வர் ஒன்று கிடைத்தது. அது பொம்பிளை வீடு. மருமகனை அங்கே குடியேற்ற வேண்டும். அதில் ஒரு சிக்கல் இருந்தது. எங்கள் மேசைக் கணினிகள் காலையில் ஒரேயொரு தடவைதான் மருமகனின் முகவரியைக் கேட்கும். கேட்டதை மாலை வரை பிடித்துக்கொண்டிருக்கும். ஆகவே முகவரியை மாற்றினால் முழு அமைப்பையும் நிறுத்தித் திரும்பத் தொடங்க வேண்டும் என்றுதான் கையேட்டில் இருந்தது.

"புத்தகத்தில அப்பிடித்தான் கிடக்கு. எழுதினவர் நம்மட கியூவில நிண்டு பாக்கல்ல" என்று சொல்லிவிட்டு, அந்த ஏற்பாட்டையே மாற்றினார். ஒரு ஆளைத் தேடப் புதிதாகப் பக்கம் திறக்கும் ஒவ்வொரு தடவையும் மருமகன் எங்கே என்று கேட்கும்படி செய்தார். வாரக் கணக்காக மண்டையைப் போட்டு உடைத்தார். நடுவில் என் குறும்புக்கும் பதில் சொன்னார். பயிற்சிக்கென்று வைத்திருந்த போலிப் பதிவில் அவருடைய பேனையைக் காணாமற்போன ஆளாகப் பதிந்தேன். 'ஒல்லி, நீல நிறம், கடைசியாகக் காதில் காணப்பட்டார்' என்று அடையாளமும் எழுதினேன். அடுத்த நாள் அதன் கீழே, 'கண்டுபிடிக்கப்பட்டார். மூன்றாம் மேசைக் குரங்கின் லாச்சியை இழுத்தபோது உள்ளே உயிருடன் இருந்தார்' என்று இருந்தது.

வீடு மாறும் நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. நான் விடுவேனா? 'எங்கள் அன்பு மருமகனின் புதுமனை புகுவிழாவுக்குச் சுற்றமும் நட்பும் சூழ வருக' என்று அழைப்பிதழ் அடித்துச் சுவரில் ஒட்டினேன். டொரின் அக்கா அதை ஒருமுறை வாசித்துவிட்டு உள்ளே போனார். அந்தச் செவ்வாய் காலை பட்டுச்சேலை கட்டி, கையில் கேக்குத் தட்டோடு வந்து நின்றார்.

"அழைப்புக் குடுத்தா ஒழுங்கா வரோணுமே" என்றார்.

வரிசை வாசல் தாண்டி வேலி வரை நின்றது. வன்னியிலிருந்து வந்த சனத்தை வடக்கில் பல முகாம்களில் வைத்திருந்தார்கள். அங்கிருந்து பெயர்கள் கட்டுக் கட்டாக வந்துகொண்டிருந்தன. பழைய சேர்வரில் இடம் போதாததால், கடைசியாக வந்த பெயர்களைப் புதிய சேர்வரில் மட்டுமே ஏற்றியிருந்தார். மருமகன் அங்கே போனால்தான் எங்கள் மேசைகளுக்கு அந்தப் பெயர்கள் தெரியும்.

சிவலிங்கம் அண்ணனின் மேசைக்கு முன்னால் தேற்றாத்தீவு நேசம்மா இருந்தார். ஒவ்வொரு செவ்வாயும் வருபவர். அவருடைய மகள் யோகராணி கல்யாணம் முடித்து, கணவனோடு வன்னிக்குப் போனவர். போர் முடிந்து மாதங்களாகியும் ஒரு செய்தியும் இல்லை. எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த நேசம்மா என்னிடம், "உங்கட மருமகனாச்சும் ஒழுங்கா பொம்பிள வீட்ட போறாரு. எங்கட மருமகன் வழக்கத்துக்கு மாறா எங்கட புள்ளையக் கூட்டிட்டுல்ல போனவரு" என்றார். சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் விழித்தேன். அவரே சிரித்தார். அதற்குப் பிறகு நானும் சிரித்தேன்.

உள்ளறையிலிருந்து குரல் வந்தது. "எல்லாரும் கேளுங்க! கொஞ்ச நேரத்துக்குப் புதுப் பதிவு எல்லாம் தாளில எழுதுங்க. பழைய வீட்டில எழுத ஏலாது, வாசிக்கலாம்." சிறிது நேரம் விசைகள் தட்டும் ஓசை மட்டும் கேட்டது. பிறகு, "மருமகன் போயிட்டாரு! புதுசாத் திறக்கிற பக்கமெல்லாம் பொம்பிள வீட்டுக்குப் போகும். தாய் வீட்டில இருக்கிறவங்க தேத்தண்ணியக் குடிச்சிட்டு எழும்புங்க!"

திறந்திருந்த பக்கத்தை மூடிப் புதிதாகத் திறக்க வேண்டும், அவ்வளவுதான் அதன் பொருள். நான் மூடித் திறந்தேன். என் முன்னால் இருந்தவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. "என்ன புள்ள, கேக் எல்லாருக்கும் உண்டா?" என்றுதான் கேட்டார்.

"ஒண்டு மிச்சம்" என்றார் டொரின் அக்கா, உள்ளிருந்தபடியே. "இன்னும் ஒராள் தாய் வீட்டில குந்திட்டு இரிக்கார். ஆரது?"

நான் எட்டிப் பார்த்தேன். சிவலிங்கம் அண்ணனின் திரையில் யோகராணியின் பக்கம் திறந்தபடி இருந்தது. 'தகவல் இல்லை' என்ற அதே வரி.

எங்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. யாரும் போட்ட சட்டம் இல்லை, தானாக வந்தது. கிடைக்காத ஆளின் பக்கத்தை, அவருடைய உறவினர் முன்னால் இருக்கும் வரை மூட மாட்டோம். மூடினால் அந்த ஆளைக் கைவிட்டதுபோலத் தோன்றும். சிவலிங்கம் அண்ணன் ஒரு படி மேலே போய், செவ்வாய்க்கிழமைகளில் நேசம்மா பஸ் ஏறும் வரை மூட மாட்டார்.

"அண்ணன், பூட்டுங்க" என்றேன் மெதுவாக.

"நான் பூட்ட மாட்டன். அவ இவடத்த இருக்கக்குள்ள எப்பிடிப் பூட்டுற?"

உள்ளே பழைய சேர்வர் தகரத்தில் கல் விழுவதுபோலச் சத்தம் போட்டது. நான் உள்ளறைக்கு ஓடினேன். "அக்கா, நீங்க இஞ்சயிருந்தே அறுத்து விடலாம்தானே?"

"ஏலும். ஒரு தட்டு. ஆனா அவர்ட திரையில அந்தப் புள்ளட பக்கம் அப்பிடியே கறுத்துப் போகும். அந்த மனுசி அதப் பாக்கோணுமா?"

பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வெளியே வந்து, இரண்டாம் மேசையின் விளிம்பில் சாய்ந்து நின்றார். கட்டளை போடுவார் என்று நினைத்தேன்.

"அண்ணன், என்ட தம்பி எனக்கு என்ன செய்தவன்?"

"பூசைக்குப் பேர் குடுத்தவர்."

"பாதர் என்ட பேரை வாசிச்சவரா இல்லியா?"

"வாசிச்சவர்."

"நான் செத்தனா?"

டொரின் அக்கா அவருடைய திரையைக் காட்டினார். "கோவில்ல செத்த ஆக்களோட பேர் வாசிச்சே நான் சாகல்ல. நீங்க ஒரு பக்கத்தப் பூட்டினா ஆருக்கு என்ன ஆகும்?"

நேசம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். விஷயம் தன்னைப் பற்றியது என்று விளங்கிவிட்டது. "பூட்டுங்க மகன்" என்றார். "எனக்கும் பஸ்ஸுக்கு நேரமாகுது."

அண்ணன் மூடினார். புதிதாகத் திறந்தார். யோகராணியின் பெயரை, தட்டச்சு இன்றுதான் படிப்பவர்போல ஒவ்வொரு எழுத்தாக அடித்தார். மருமகன் புதிய வீட்டுக் கதவைத் தட்டினார். அதே பக்கம் வந்தது. 'தகவல் இல்லை' என்ற வரி இருந்த இடத்தில் ஒரு முகாமின் பெயர் இருந்தது. அதன் கீழே, 'கைக்குழந்தை ஒன்றுடன்'.

அண்ணனால் வாசிக்க முடியவில்லை. நான்தான் வாசித்தேன். நேசம்மா திரைப் பக்கம் குனிந்தார். பிறகு கேட்டார்: "குழந்தையா? ஆம்பிளயா, பொம்பிளயா?"

"அது போடல்ல அம்மா."

"அதக்கூடப் போடாம என்னத்துக்கு இவ்வளவு கம்ப்யூட்டர் வைச்சிரிக்கிறீங்க!" என்று எங்கள் எல்லாரையும் ஏசினார். ஏசிக்கொண்டே அழுதார். டொரின் அக்கா கேக்கில் பெரிய துண்டாகப் பார்த்து அவர் கையில் வைத்து, "அது நம்மட பிழைதான், நாளைக்கே திருத்துறன்" என்றார். சொன்னபடி அடுத்த நாளே படிவத்தில் அந்தக் கட்டத்தைச் சேர்த்தார். பக்கத்தில் கணவனைப் பற்றி ஒன்றும் இருக்கவில்லை. நேசம்மா அதையும் கவனித்திருந்தார். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, "அடுத்த செவ்வாயும் வாறன்" என்றார்.

தாய் வீட்டில் ஒருவரும் இல்லை என்று உறுதிப்படுத்திய பிறகே டொரின் அக்கா பழைய சேர்வரை நிறுத்தினார். அதன் தலையில் தட்டி, "நல்லா உழைச்சாய்" என்றார். வெளியே வரிசை ஒரு நிமிடம்கூட நிற்காமல் நகர்ந்துகொண்டிருந்தது. அப்படி ஒரு பெரிய காரியம் நடந்ததே அதில் நின்ற எவருக்கும் தெரியாது. அவருடைய தொழிலில் அதற்கு மேல் பாராட்டு இல்லை என்பார்.

டொரின் அக்காவின் அடக்கம் நடந்ததும் ஒரு செவ்வாய்க்கிழமைதான், அந்தத் தொலைபேசி வந்த மறுநாள். அன்றைக்கு அலுவலகத்தைப் பூட்டுவதா என்ற பேச்சு காலையில் எழுந்தது. "'மறுகா வாங்க' எண்டு வாசல்ல எழுதி ஒட்டுறதா?" என்று நான் கேட்டேன், அவ்வளவுதான். இரண்டு இரண்டு பேராகப் போய் முகம் பார்த்துவிட்டு வருவது, மேசைகள் வெறுமையாகாமல் பார்ப்பது என்று முடிவாயிற்று. நான் முதலில் போனேன். பெட்டியில் கல்யாணத்துக்குக் கட்டிய சேலையோடு படுத்திருந்தார். காதில் பேனை இல்லாதது எனக்குச் சரியாகப் படவில்லை. பேசில் அண்ணனைப் பார்த்தேன். அவர் தன் சட்டைப் பையிலிருந்து எடுத்துத் தந்தார். நானே வைத்தேன்.

ஊர்வலம் எங்கள் வீதியால்தான் வந்தது. அப்போது நான் மேசைக்குத் திரும்பியிருந்தேன். பாட்டுச் சத்தம் கேட்டதும் வரிசையில் நின்ற சனம் ஒருவரையொருவர் பார்த்தது. முதலில் ஒரு வாழைச்சேனைக்காரர் தன் செருப்பைக் கழற்றி, நின்ற இடத்திலேயே வைத்துவிட்டு வீதிக்கு இறங்கினார். பின்னால் நின்றவர் குடையை வைத்தார். அடுத்தவர் பையை. நேசம்மா வந்திருந்தார், இன்னும் கிடைக்காத தன் மருமகனைத் தேடி. முகாமிலிருந்து தாயோடு வந்துசேர்ந்த பேர்த்தி இடுப்பில் இருந்தாள். அவளுடைய சின்னச் செருப்பைக் கழற்றித் தன் இடத்தில் வைத்துவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனார். நான் யன்னலால் பார்த்தேன். வாசலிலிருந்து வேலி வரை செருப்பும் குடையும் பையுமாக வரிசை நேராக நின்றது. ஆட்கள் எல்லாரும் வீதியோரத்தில் வெறுங்காலோடு நின்று, தங்களில் பெரும்பாலானோர் பெயர்கூட அறியாத ஒரு பெண்மணியை வழியனுப்பினார்கள்.

பிறகு வந்து, அவரவர் செருப்புக்குள் கால் வைத்து நின்றார்கள். ஒரு சண்டையும் இல்லை. நேசம்மாவின் முறை வந்தது. மருமகனின் பெயரைச் சொன்னார். நான் புதிதாக ஒரு பக்கம் திறந்தேன்.

ஆறுதலாகப் போங்கள் டொரின் அக்கா. வரிசை நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது.